அசைய மறுக்கும் பிஸ்டன்

பல வருடம் ஓட்டாமல் நிறுத்திவைத்த புல்லட்டின் கிக்கரை மிதிக்கிறோம். கால் இறங்கவில்லை. உடல் எடை முழுவதையும் போட்டு மிதித்தால் வண்டி ஸ்டாண்டோடு சேர்ந்து ஆடுகிறது. கிக்கர் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ‘எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு’ என்பார்கள் பட்டறையில். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒட்டிக்கொண்டுவிட்டது. எது ஒட்டவைத்தது, எதைக் கொண்டு பிரிப்பது என்று கேட்கத் தொடங்கினால் துருவின் வேதியியல், உலோகங்களின் வெப்ப விரிவு, எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை, நெம்புகோல் கணக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. பலத்தைக் காட்டுவதால் இந்த வேலையில் கெடுதலே அதிகம் என்பதற்கும் அந்தக் கணக்குகளே சாட்சி.

இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350-ஐயே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் வடிவமைக்கப்பட்டு, 1955-ல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூர் ஆலையில் அரை நூற்றாண்டுக்கும் மேல் பெரிய மாற்றமில்லாமல் உருவான எஞ்சின் அது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970-களின் தொடக்கத்தில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. அதனால்தான் இன்றும் நம் ஊர்களில் ஏதாவது ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், தார்ப்பாய் போர்த்திய ஒரு புல்லட்டைப் பார்க்க முடிகிறது. ஒற்றை சிலிண்டர், உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.; கொள்ளளவு 346 சி.சி. பட்டறையில் ‘போர்’ என்று சொல்லப்படும் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன், சிலிக்கான் கலந்த அலுமினியக் கலவை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் மறுபடியும் வார்ப்பிரும்பு. எந்தப் பாகம் எந்த உலோகம் என்பதை மறக்காமல் இருந்தால் போதும், மீதிக் கதை அதிலிருந்தே விளங்கும்.

எஞ்சின் பிடித்துக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. ஓடும்போது பிடிப்பது ஒன்று. நின்றபடியே பிடிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான் என்றாலும் காரணங்கள் வேறு.

ஓடும்போது பிடிப்பதற்குக் காரணம் சூடு. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் பிஸ்டனின் அலுமினியக் கலவை தன் அளவில் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு விரியும். வார்ப்பிரும்பு சுமார் 11 பங்குதான் விரியும். சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்தே 100 டிகிரி சூடேறுவதாகக் கொள்வோம். 70 மி.மீ. பிஸ்டன் 0.14 மி.மீ. பெருக்கும். அதைச் சுற்றியுள்ள துளை 0.08 மி.மீ. அளவுக்கே பெரிதாகும். இடையே இருந்த இடைவெளியில் 0.06 மி.மீ. காணாமல் போகும். குளிர்ந்த நிலையில் அந்த இடைவெளியே 0.1 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். நல்ல வெயிலில், ஆயில் குறைந்த எஞ்சினை விரட்டினால் மிச்சமிருக்கும் இடமும் போய், எண்ணெய்ப் படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

தொட்டால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாக்கியவர்கள் கேம்பிரிட்ஜில் உராய்வை ஆராய்ந்த பிராங்க் பௌடனும் டேவிட் டேபரும். அவர்களுடைய நூல் 1950-ல் வந்தது. எவ்வளவு மெருகேற்றிய பரப்பிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. இரண்டு பரப்புகள் அந்த மேடுகளின் உச்சியில்தான் உண்மையில் தொட்டுக்கொள்கின்றன. முழுச் சுமையும் அந்தச் சிறு புள்ளிகளில் இறங்குவதால் அங்கே உலோகம் நசுங்கி ஒன்றோடொன்று பற்றிக்கொள்கிறது. நகர வேண்டுமென்றால் அந்தப் பற்றுகளைக் கிழித்தாக வேண்டும். மென்மையான அலுமினியம்தான் கிழிகிறது. கிழிந்தது சிலிண்டர் சுவரில் வெள்ளிப் பூச்சுபோல அப்பிக்கொள்கிறது. இந்த வகையில் ஒரு வசதி உண்டு. வண்டியை ஓரம் கட்டி ஆறவிட்டால் பிஸ்டன் சுருங்கும், பல நேரம் தானாகவே விட்டுவிடும். சேதம் உள்ளே இருக்கும். ஆனால் பூட்டு திறந்துவிடும்.

நின்றபடியே பிடித்த எஞ்சினை ஆறப்போடுவதால் பயனில்லை. அங்கே பூட்டு துரு.

அந்தத் துருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? முதல் தவணையை எஞ்சினே தயாரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் பிறக்கும் நீர் அது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அந்த ஆவி சைலன்சர் வழியே போய்விடும். தெருமுனைக் கடைவரை போய்த் திரும்பி, அப்படியே பல வருடம் நிறுத்தப்பட்ட வண்டியில் அதில் ஒரு பகுதி சுவரில் பனித்துத் தங்கிவிடும். எரிந்த பெட்ரோலின் கந்தக மிச்சமும் கூடவே இருக்கும். சுத்தமான ஈரக் காற்றில் பளபளப்பாக நிற்கும் இரும்பு, துளியளவு கந்தக டை ஆக்சைடு சேர்ந்துவிட்டால், ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது வேகமாகத் துருப்பிடிக்கிறது என்பதை பிரிட்டிஷ் வேதியியலாளர் வெர்னன் 1930-களில் சோதனைகளில் காட்டினார். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்று ஆண்டின் பெரும்பாலான நேரம் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. போதாததற்கு உப்பும் கலந்திருக்கிறது.

அடுத்த தவணை வெளிக்காற்றிலிருந்து வருகிறது. எஞ்சின் நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் சிலிண்டருக்கும் வெளி உலகத்துக்கும் நேர்வழி கிடைத்துவிடும். பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 3 சதவீதம் விரிந்து சுருங்கும். தினமும் ஒரு சிறு மூச்சு. கனமான இரும்புச் சிலிண்டர் காலையில் சீக்கிரம் சூடேறாது. உள்ளே வந்த ஈரக் காற்று அதன் குளிர்ந்த சுவரில் பனியாகப் படியும். மார்கழியில் இது தினசரி நிகழ்ச்சி.

துரு என்பது இரும்பு கரைந்து போவது மட்டுமல்ல, பெருத்துப் போவதும்கூட. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. ரிங்கும் சிலிண்டர் சுவரும் தொட்டு நிற்கிற இடத்தில் அந்தப் பெருக்கத்துக்கு இடம் ஏது? சந்து முழுவதையும் துரு இறுக்கி நிரப்பிவிடுகிறது. பக்கத்திலேயே அலுமினியமும் சும்மா இருப்பதில்லை. ஈரத்தின் வழியே அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டால் அது ஒரு சிறு பேட்டரி. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். வெள்ளைப் பொடியாக அதன் ஆக்சைடு கிளம்பி, ரிங்குகள் உட்காரும் பள்ளங்களை அடைத்துவிடுகிறது. பிடிபட்ட எஞ்சினில் பெரும்பாலும் பிடித்திருப்பது பிஸ்டனின் பெரிய உடல் அல்ல, இந்த மெல்லிய ரிங்குகள்தான்.

கையை வைப்பதற்கு முன், பிடித்திருப்பது எஞ்சின்தானா என்று பார்த்துவிட வேண்டும். புல்லட்டில் கிக்கரின் விசை கியர் பாக்ஸ், கிளட்ச் வழியாகத்தான் பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கைச் சேர்கிறது. ஆகவே கிளட்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கும்போது கிக்கர் இறங்கினால், கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு எஞ்சினில். கிளட்சைப் பிடித்தும் இறங்கவில்லை என்றால் உடனே முடிவுக்கு வரக்கூடாது. நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகளே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம்.

எஞ்சின்தான் என்று உறுதியானால் முதல் வேலை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் ஊற்றுவது. இங்கேதான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். மாலையில் ஊற்றி, காலையில் மிதித்துப் பார்த்து, ‘எண்ணெய் வேலை செய்யலை’ என்று சுத்தியலைத் தேடுகிறார்கள். எண்ணெய் எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்தால் அந்த அவசரம் வராது.

ரிங்குக்கும் சுவருக்கும் இடையே துருவில் இருக்கும் விரிசல்கள் மைக்ரான் கணக்கானவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு ஒடுங்கிய சந்தில் புவியீர்ப்புக்குப் பெரிய வேலை இல்லை. எண்ணெயை இழுப்பது நுண்புழை விசை. எண்ணெய் சுவரை நனைக்க விரும்புகிறது, அந்த விருப்பமே அதை முன்னால் இழுக்கிறது. ஒரு மைக்ரான் அகலச் சந்தில் இந்த இழுவை ஏறத்தாழ அரை வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். ஆறு மீட்டர் உயரத்துக்கு எண்ணெயை நிறுத்திவைக்கக்கூடிய அழுத்தம். சந்து ஒடுங்க ஒடுங்க இழுவை கூடுகிறது. ஆனால் கூடவே இன்னொன்றும் கூடுகிறது: எண்ணெயின் பிசுபிசுப்பு தரும் தடை. இரண்டும் மோதும்போது என்ன ஆகும் என்பதற்கு எட்வர்ட் வாஷ்பர்ன் 1921-ல் ஒரு சமன்பாடு தந்தார். எண்ணெய் ஊடுருவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும்.

எண்களில் பார்த்தால் இதன் கடுமை புரியும். முதல் ஒரு மணி நேரத்தில் எண்ணெய் 2 மி.மீ. போனதாக வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. போக 4 மணி நேரம் ஆகும். 8 மி.மீ.க்கு 16 மணி நேரம். எல்லா ரிங்குகளையும் தாண்டி 20 மி.மீ. போக வேண்டுமென்றால் 100 மணி நேரம், அதாவது நான்கு நாளுக்கும் மேல். ‘ஒரு வாரம் ஊறட்டும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகிற மெக்கானிக் சொன்னது வாஷ்பர்னின் சமன்பாட்டைத்தான்.

எந்த எண்ணெய் என்பதற்கும் அதே சமன்பாட்டில் விடை இருக்கிறது. கெட்டியான எஞ்சின் ஆயிலின் பிசுபிசுப்பு டீசலைப்போல ஏறத்தாழ 50 மடங்கு. 50-ன் வர்க்கமூலம் ஏழு. ஆக, அதே நேரத்தில் டீசல் ஏழு மடங்கு தூரம் போகும். மண்ணெண்ணெய் இன்னும் வேகம். ஆனால் இவை போன இடத்தில் கனமான படலத்தை விட்டுவைப்பதில்லை. பிஸ்டன் நகரத் தொடங்கும்போது வழுக்க எதுவும் இருக்காது. டீசலோடு கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து ஊற்றும் பழைய வழக்கம் இரண்டு தேவையையும் நிறைவேற்றுகிறது. டப்பாவில் வரும் டபிள்யூடி-40 நல்லதுதான். அதன் பெயரே தண்ணீரை விலக்கும் நாற்பதாவது கலவை என்பதன் சுருக்கம், 1953-ல் சான் டியாகோவில் ராக்கெட் தொழிலுக்காக உருவானது. ஆனால் நூறு மில்லி ஊற்றி வாரக்கணக்கில் ஊறவைக்கிற இடத்தில் டீசல் கலவை செய்வதைவிட அது அதிகம் செய்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: இவற்றில் எதுவும் துருவைக் கரைக்காது. கரைக்க அமிலம் வேண்டும். அமிலம் அலுமினியத்தையும் தின்னும். சலவைச் சோடா போன்ற காரமும் தின்னும். அதனால் கோலா, வினிகர், துரு நீக்கும் அமிலம் எதையும் பிஸ்டன் உள்ளே இருக்கும்போது ஊற்ற வேண்டாம்.

எண்ணெய் இறங்குகிறதா என்று அறிய ஒரு மெல்லிய கம்பியைப் பிளக் துளை வழியே விட்டு, எதுவரை நனைகிறது என்று தினமும் பார்த்தால் போதும். மட்டம் அப்படியே நின்றால் வழி இன்னும் திறக்கவில்லை. குறையத் தொடங்கினால் எண்ணெய் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குப் போகிறது. இந்த வேலையில் கிடைக்கும் முதல் நல்ல செய்தி அதுதான்; கிக்கர் அசைவதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

ஊறலைச் சூடு துரிதப்படுத்தும். ஆனால் எந்தச் சூடு? ஒன்றுக்குள் ஒன்று இறுகிய எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்க வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து, உள் டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றுவார்கள். சிலிண்டரிலும் வேண்டியது அதே ஏற்பாடு: வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி. ஹாட் ஏர் கன்னை வைத்து இரும்புச் சிலிண்டரை மட்டும் விரைவாக 60 டிகிரி ஏற்றினால் துளை 0.046 மி.மீ. பெரிதாகும்; பிஸ்டன் இன்னும் குளிர்ந்தே இருக்கும். தாமதித்தால் சூடு உள்ளே பரவி பிஸ்டனும் அதே 60 டிகிரிக்கு வரும். அப்போது அது 0.084 மி.மீ. பெருத்துவிடும். இளக வேண்டியது முன்பைவிட இறுகிவிட்டது. புல்லட்டைப் பொறுத்தவரை, நெடுநேரம் மெதுவாகச் சூடாக்குவதும் அந்தச் சூட்டிலேயே திருகிப் பார்ப்பதும் தவறான வழி.

ஆனாலும் முழுச் சூட்டை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. சூடேற்றி ஆறவிட்டால் அது வேறு விதத்தில் உதவுகிறது. துரு பீங்கான்போல நொறுங்கும் பொருள், இழுபடாது. ஒருபுறம் அலுமினியம் அதிகமாகவும் மறுபுறம் இரும்பு குறைவாகவும் விரிந்து சுருங்கும்போது நடுவில் இருக்கும் துருவில் விரிசல் விழுகிறது. விரிசல்களில் அடைபட்ட காற்று 60 டிகிரி சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு விரிந்து வெளியேறும். ஆறும்போது சுருங்கி, அந்த இடத்துக்கு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சூட்டில் எண்ணெயும் இளகியிருக்கும். மாலையில் சூடேற்றி, எண்ணெய் ஊற்றி, இரவு முழுக்க ஆறவிடுவது என்று சில நாள் செய்தால் வெறும் ஊறலைவிடப் பலன் அதிகம். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். டீசல் நனைந்த எஞ்சினில் தீப்பந்தமோ கேஸ் டார்ச்சோ கூடவே கூடாது.

இனி விசை. முதலில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். சிலிண்டரின் நடுவில் நின்றால் கிராங்க் 5 டிகிரி திரும்பும்போது பிஸ்டன் சுமார் 4 மி.மீ. நகரும். உச்சியில் நின்றால் அதே 5 டிகிரிக்கு 0.2 மி.மீ.தான் நகரும். அசைவு இருபது மடங்கு குறைந்தால் விசை இருபது மடங்கு கூடும். உச்சியில் பிடித்த பிஸ்டனைக் கிராங்கைத் திருப்பி இளக்குவது அதனால் எளிது. அதே பிஸ்டனை மேலிருந்து தட்டினால் ஒரு பயனும் இல்லை. கனெக்டிங் ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்பதால் அடி முழுவதும் கீழே ராடும் கிராங்கும் சேரும் பிக் எண்டில் போய் விழும். பிஸ்டன் அங்குலம்கூட நகராது, பேரிங் கெடும். நடுவில் பிடித்திருந்தால் கதை மாறும்; ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுவதற்கு அப்போது பொருள் உண்டு.

கியரில் போட்டுப் பின்சக்கரத்தை ஆட்டுவது பழைய முறை, நல்ல முறை. எந்தக் கியர்? பலரும் ‘முதல் கியர்தான் இழுவை’ என்று முதல் கியரில் போடுகிறார்கள். எஞ்சின் சக்கரத்தைத் திருப்பும்போது அது சரி. இங்கே சக்கரம் எஞ்சினைத் திருப்புகிறது, கணக்கு தலைகீழ். டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கிராங்க் ஐந்தாறு சுற்று. முதல் கியரில் பதினைந்து சுற்றை ஒட்டி. கிராங்குக்குக் கிடைக்கும் முறுக்கு அதே விகிதத்தில் குறையும். ஆகவே டாப் கியர். அதிலும் சிறந்தது, பிரைமரி கவரைக் கழற்றி, கிராங்க் முனையில் உள்ள நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு நேராகவே திருப்புவது. கிக்கர் மேல் குதிப்பதும், வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி கிளட்சை விடுவதும் பற்களைத்தான் உடைக்கும்.

முதல் அசைவு கண்ணுக்குத் தெரியாது, ஸ்பேனர் பிடித்த கைக்குத்தான் தெரியும். அப்போது அதே திசையில் தொடர்ந்து இழுக்கத் தோன்றும், இழுக்கக் கூடாது. உதிர்ந்த துருத் தூள் ரிங்குக்கு முன்னால் ஆப்புபோலக் குவிந்திருக்கும். இரும்பு ஆக்சைடு உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றப் பயன்படும் பொருள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்னால், ஒரு மில்லிமீட்டர் பின்னால், இன்னும் கொஞ்சம் எண்ணெய், மறுபடி ஆட்டம் என்று போனால் தூள் எண்ணெயில் கலந்து வெளியேறும்.

எதற்கும் மசியாத எஞ்சினுக்கு கிரீஸ் கன் வைத்தியம் உண்டு. 14 மி.மீ. பிளக் துளையில் ஒரு நிப்பிளைப் பொருத்தி, வால்வுகள் மூடியிருக்க, கிரீஸை அழுத்துவது. பாஸ்கல் விதிப்படி அழுத்தம் பிஸ்டன் தலை முழுவதும் சமமாக இறங்கும். தலையின் பரப்பு 38.5 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 70 கிலோ அழுத்தம் தந்தால் மொத்த விசை 2.7 டன். சுத்தியல் அதிர்ச்சி எதுவும் இல்லாத, மெதுவான, நேரான விசை. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது, அந்த 2.7 டன்னையும் கனெக்டிங் ராடு தாங்க வேண்டிவரும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பிஸ்டனை நகர்த்துவதற்குப் பதிலாக சிலிண்டரை நகர்த்துவது. ஹெட்டைக் கழற்றிய பிறகு சிலிண்டரைப் பிடித்திருப்பவை அடிப்பகுதி நட்டுகள்தான். டாப்பெட் மூடிக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றை மறந்துவிட்டு இழுத்துச் சிலிண்டரை உடைத்தவர்கள் உண்டு, அதை முதலில் கழற்றிவிட வேண்டும். பிறகு கிராங்கை ஆட்டியபடி சிலிண்டரைச் சுற்றிலும் தட்டி மேலே தூக்கினால், விசை முழுவதும் ரிங்குகளில் மட்டும் விழும். பிக் எண்ட் பிழைக்கும்.

சிலிண்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அதன் வரலாறு சுவரில் தெரியும். பிஸ்டன் எத்தனையோ வருடம் நின்ற இடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ரிங்குகளின் அகலத்திலேயே பழுப்புக் கோடுகள் சுற்றி ஓடும். அவற்றுக்கு மேலே, காற்று பட்ட பகுதி செம்பழுப்பாகச் சொரசொரக்கும். கீழே, பிஸ்டன் மறைத்திருந்த பகுதி எண்ணெய் மினுக்கத்தோடு இருக்கும். அந்தக் கோடுகளில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிப் போனால் சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் மட்டும் போதும். நகம் தடுக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. லேத் பட்டறையில் போர் எடுத்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த எஞ்சினுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது நம் நல்ல காலம், சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பெரும்பாலும் எல்லாமே அகப்படும். பிரித்துப் பார்க்காமல் விடுவித்த எஞ்சினாக இருந்தால், பழைய ஆயிலை முழுக்க வடித்து, அடியில் தேங்கிய சகதியைக் கழுவி, பம்ப் ஆயிலை மேலே அனுப்புகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நன்றாக ஓடுகிற புல்லட்டை நெடுநாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், கடைசியாக அரை மணி நேரமாவது ஓட்டி எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி, கிக்கரை மெதுவாகச் சில முறை இறக்குங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக் கம்ப்ரெஷன் தேடுவீர்களே, அதே இடத்தில் பிஸ்டனை நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். சைலன்சர் வாயை எண்ணெய்த் துணியால் அடைத்துவிடுங்கள். அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி ஏற்கெனவே பல வருடமாக நின்றுகொண்டிருக்கிறது என்றால், தயவுசெய்து ‘சும்மா ஒரு தடவை’ என்று கிக்கரில் கால் வைக்காதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றி எண்ணெயை ஊற்றுங்கள். ஒரு வாரம் கழித்து மிதித்துப் பார்க்கலாம்.